காலியாக வந்த தட்டுகள்

ஆர்லன் டெக்கரைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவருடைய கைப்பக்குவத்தைப் புகழ்வார்கள். சுத்த அபத்தம். அவர் சமைத்தது மூக்கால். இருபத்திரண்டு வருஷம் பர்கர் கடையில் அவர் பக்கத்தில் நின்று தட்டு எடுத்துக் கொடுத்தவள் நான், எனக்குத் தெரியாதா?

எங்கள் ஊரான எல் ரீனோவில் வெங்காய பர்கர் ருசிக்காகப் பிறந்ததில்லை. 1922இல் ரயில் பட்டறைக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கறி வாங்க வழியில்லாமல் பாதிக்குப் பாதி வெங்காயம் சேர்த்துப் பசியை ஏமாற்றினார்கள் என்று ஊரில் சொல்வார்கள். ஆர்லனின் அப்பாவும் பட்டறைக்காரர்தான். அதனால் யாராவது வெங்காயத்தைக் குறைக்கச் சொன்னால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"அப்ப அது பர்கரே இல்ல. வேற ஊருக்குப் போய்ச் சாப்பிடு" என்பார்.

கறி உருண்டையைச் சூடான கல்லில் வைத்து, காகிதம்போல் சீவிய வெங்காயத்தை அதன்மேல் குவித்து, கரண்டியின் முதுகால் அழுத்துவார். வெங்காயம் கறிக்குள் புதையும்வரை விடமாட்டார். திருப்பிப் போட்டு, மேலே பன்னை வைத்து ஆவியில் மெத்தென்று ஆகவிடுவார். இப்போது வெங்காயம் அடியில் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. மணம்தான் சொல்ல வேண்டும். இனிப்பான மணம் கசப்பாகத் திரும்புவதற்குள் எடுத்துவிட வேண்டும். ஆர்லன் யாரிடமாவது திரும்பி நின்று வம்பளந்துகொண்டிருப்பார், சட்டென்று கை மட்டும் கல்லுக்குப் போகும்.

1988 ஜனவரியில் கடைக்குப் பின்னால் உறைபனியில் வழுக்கி விழுந்து மண்டையில் அடிபட்டார். பிழைப்பாரா என்று ஊரே பயந்தது. மூன்று வாரம் கழித்து வந்து ஏப்ரனைக் கட்டியபோது, முக்காலிகளில் இருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அன்று போட்ட முதல் பர்கரிலேயே வெங்காயம் கருகியிருந்தது.

யாரும் வாயைத் திறக்கவில்லை. மறுநாளும் கருகியது, அடுத்த வாரமும் கருகியது. அவருடைய கண்ணாடியோ எப்போதும் ஆவி படிந்துதான் இருக்கும், கருகல் அதில் தெரியாது. தினமும் வரும் ஹாலிஸ் என் காதில் முணுமுணுத்தார்.

"அடுப்புக்கரி மாதிரி இருக்கு, வாண்டா."

"அவருகிட்டயே சொல்றதுதானே?"

"செத்துப் பொழச்ச மனுஷன்கிட்டயா? நீ சொல்லு. உனக்குத்தான் வாய் நீளம்."

சொல்லிவிட்டு ஒரு துணுக்கு விடாமல் தின்றுவிட்டுப் போனார். எல்லாரும் அப்படித்தான். முகத்துக்கு நேரே குறை சொல்வது எங்கள் ஆட்களுக்குச் செத்தாலும் வராது. வெளியூர்க்காரர்கள் மட்டும் ஒருமுறை வந்தால் மறுமுறை வரவில்லை.

ஏப்ரலில் முதலாளியம்மா என்னைத் தனியே அழைத்தார். "இந்த மாசத்துக்குள்ள சரியாகலன்னா வேற ஆள்தான் பாக்கணும். நீதான் அவருகிட்ட பக்குவமா சொல்லணும்."

அந்தக் கல்லை விட்டால் ஆர்லனுக்கு வேறு ஒன்றும் கிடையாது. மனைவியில்லை, மக்களில்லை. என் நீள வாய் அடைத்துப்போனது. அதனால் கோழைத்தனமான ஒரு வழியைத் தேடினேன். ஞாயிற்றுக்கிழமை அவரை வீட்டுக்குச் சாப்பிட அழைத்தேன். அவரும் என் கணவரும் வெளியே காரைக் குடைந்துகொண்டிருக்க, வார்ப்பிரும்புச் சட்டியில் இரண்டு பர்கர் செய்தேன். ஒன்றைப் பதமாக எடுத்தேன். கடித்ததும் அவருக்கே புரியட்டும் என்று மற்றதைக் கருகவிட்டேன்.

முதலில் நல்லதைத் தின்றார். "பரவால்லயே, கத்துக்கிட்டியே!" என்றார். பிறகு கருகியதை எடுத்துக் கடித்தார், மென்றார், விழுங்கினார்.

"இதுவும் நல்லாத்தான் இருக்கு."

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, பன்னை மெல்லத் தூக்கிப் பார்த்தார்.

"நான் கருக்குறது எப்பலேர்ந்து தெரியும்?"

"நீங்க திரும்பி வந்த அன்னிக்கே."

"விழுந்ததுலேர்ந்தே வாசனையும் இல்ல, ருசியும் இல்ல. ஆனா தட்டெல்லாம் காலியாத்தானே வந்துச்சு? அதைப் பாத்துத்தான் கை சரியா போகுதுன்னு நம்பிக்கிட்டு இருந்தேன்."

"உங்க மேல இருக்கிற பிரியத்துல சாப்பிட்டாங்க."

"பிரியமா?" அவர் தட்டைத் தள்ளி வைத்தார். "இத்தனை வருஷம் பக்கத்துல நின்னவ நீ. நீயாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலையில் எனக்கு முன்பே வந்துவிட்டார். தன் ஏப்ரனை என் கழுத்தில் மாட்டிவிட்டு, கவுன்டரைச் சுற்றிக்கொண்டு வாடிக்கையாளர் பக்கம் போய்க் கடைசி முக்காலியில் உட்கார்ந்தார். அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"போடு" என்றார்.

கறியை வைத்து வெங்காயத்தை அழுத்தினேன். மணம் கசப்பாகத் திரும்புவதற்குள் எடுத்து அவர் முன்னால் வைத்தேன். ஹாலிஸும் மற்றவர்களும் தலை நிமிராமல் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஆர்லன் அவசரப்படாமல் சாப்பிட்டார். புத்தி கெட்டுப்போய், எல்லாரிடமும் கேட்கிற பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.

"எப்படி இருக்கு?"

அவர் என்னை ஏமாற்ற விரும்பவில்லை.

"சூடா இருக்கு, வாண்டா" என்றார். "நல்ல சூடா இருக்கு."