இருபதாவது வரிசை

மாலை 3:40-க்கு முதல் வரிசை தொடங்கியது. அந்த நேரம் கருவியில் பதிவாகியிருக்கிறது. என்னை நம்பாதவர்கள் அதை நம்பலாம். கோப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது.

தோண்டாமலேயே மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது எங்கள் வேலை. காந்தமானியைச் சுமந்துகொண்டு, மீட்டருக்கு ஒரு வரிசையாக, கயிற்றின் ஓரமாக நேரே நடக்க வேண்டும். புதைந்த சுவர், அடுப்பு, இரும்பு எல்லாம் படத்தில் தெரியும். நடப்பவர் உடம்பில் குண்டூசிகூட இருக்கக் கூடாது. இருந்தால் படம் முழுக்கக் கோடு விழும்.

தங்கையை இந்தத் தொழிலுக்கு அழைத்து வந்தவள் நான். கருவியைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவளும் நான். இரண்டே வருடத்தில் தொல்லியல் அதிகாரி அவள் படங்களைச் சுவரில் மாட்டினார். என்னுடையவை இழுப்பறையில் கிடந்தன. நிரந்தர வேலை ஒன்றுதான் இருந்தது. அன்றைய படம் சுத்தமாக வந்தால் அது அவளுக்கு.

அவள் கைகழுவப் போனபோது, அவள் தொப்பியின் மடிப்பில் ஓர் ஊக்கைச் செருகினேன்.

"ஏன்கா மூஞ்சிய இப்படி வச்சிருக்கே? மண்ணுக்குள்ள படுத்திருக்கிறவங்க எழுந்து ஓடிடப் போறாங்க."

"வெயில்," என்றேன்.

அவள் நடந்தாள். நொடிக்கொரு முறை கருவி 'டிக்' என்றது. கயிற்றின் மறுமுனை எதிரே அடித்த முளையில் கட்டியிருந்தது. இந்த முனையை நான் பிடித்திருந்தேன்.

ஐந்தாவது வரிசையில் கயிறு அமுங்கியது. தொலைவில், யாரோ மிதித்ததுபோல. தங்கை என் பக்கத்தில் இருந்தாள்.

பத்தாவதில் மறுபடி. கொஞ்சம் கிட்டே.

பதினாறாவதில்... இன்னும் கிட்டே.

4:25. இருபதாவது வரிசை. என் விரலுக்கு முன்னால் கயிறு தரையைத் தொட்டது.

டிக்.

தங்கை நின்றுவிட்டாள்.

டிக்...

கணினியில் படம் வந்தது. கோடுகள் இல்லை. அவள் தொப்பியைத் தடவிப் பார்த்தேன். ஊக்கு அங்கேயேதான் இருந்தது. ஆனால் படத்தில் வரிசைக்கு ஒரு கரும்புள்ளி. முதல் வரிசையில் அது மறுகோடியில் இருந்தது. அடுத்ததில் ஒரு மீட்டர் இந்தப் பக்கம். கடைசியில், நான் நின்ற இடத்தில்.

புதைந்த இரும்பு நகராது.

"சாவிக்கொத்தோட நடந்தியாம்மா?" என்றார் அதிகாரி.

"இல்ல சார்."

நான் வாயைத் திறக்கவில்லை. வேலை எனக்குக் கிடைத்தது.

அடுத்த வருடம், கடைசிப் புள்ளி விழுந்த மூலையைத் தோண்டினார்கள். ஒரே குழியில் இரண்டு பெண்கள். உடன்பிறந்தவர்கள் என்று மரபணுப் பரிசோதனை சொன்னது. இளையவளின் பின்மண்டையில் நீளமான இரும்பு ஆணி. மூத்தவளின் எலும்பில் ஒரு கீறல்கூட இல்லை.

தங்கைக்குப் போன் செய்து சொன்னேன்.

"அன்னைக்கு உன் பின்னாடி நின்னவளப் பத்தி நான் யார்கிட்டயும் சொல்லலக்கா. இப்பவும் வர்றாளா?"