நாயின் கண்ணில் நெல்லுச் சுணை

சம்பா அறுப்பன்று எங்கள் நாய் அறுப்பு மிஷினுக்குப் பின்னாலேயே ஓடியது. மிஷின் கக்கிய புழுதி முழுக்க அதன் முகத்தில்தான். மறுநாள் காலை இடது கண் சிவந்து, நீர் வழிந்து, பாதி மூடியபடி வந்து என் காலடியில் படுத்தது. முன்னங்காலால் கண்ணைத் தேய்த்துக்கொண்டே இருந்தது.

நெல்லுச் சுணை பட்டால் எங்களுக்கும் அரிக்கும், கழுவினால் போய்விடும். இதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன். கண்ணுக்கு நந்தியாவட்டை நல்லது என்பார்கள். பூவைக் கசக்கிச் சாறு விட்டேன். இரண்டு நாள் விட்டேன். மூன்றாம் நாள் கருவிழியில் பாலாடை மாதிரி ஒரு வெண்மை.

எனக்குக் கண் ஆபரேஷன் செய்தபோது கொடுத்த சொட்டு மருந்து மிச்சம் இருந்தது. மூடியைக்கூடத் திருகித் திறந்தாயிற்று. அப்புறம் கை நின்றுவிட்டது. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், அதுவும் தமிழ் மட்டும். புட்டியில் இருந்ததோ இங்கிலீஷ். என்னவென்று தெரியாத மருந்தை வாயில்லாத ஜீவனுக்கு எப்படி விடுவது? புட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு, நாயைப் பழைய வேட்டியில் சுற்றித் தூக்கி, ஆட்டோவுக்குச் சொல்லி அனுப்பினேன்.

பக்கத்து வீட்டில்தான் என் நாத்தனார். வாசலில் வந்து நின்றாள்.

"முட்டிவலிக்கு டாக்டர்கிட்ட போங்கன்னு தொண்டை வறளச் சொன்னேன், போகலை. நாய்க்கு ஆட்டோவா? ஊரே சிரிக்கும் அண்ணி. சுணை இல்லை உங்களுக்கு?"

மானரோஷத்துக்கும் எங்கள் பக்கம் சுணை என்றுதான் பேர்.

"இருக்கு. அதோட கண்ணுல இருக்கு. வழி விடு."

மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா கண்ணில் மரப்பு மருந்து விட்டு, உள் இமையைத் தூக்கிப் பார்த்தார். ஊசி முனை அளவு உமித் துணுக்கு ஒன்றை எடுத்துக் காட்டினார். அப்புறம் ஒரு சாயம் விட்டார். கருவிழியில் புண் இருந்த இடம் பச்சையாகத் தெரிந்தது.

புட்டியை மேஜைமேல் வைத்தேன்.

"இதை விட்டீங்களாம்மா?"

"விடலை. பூச்சாறு விட்டேன், ரெண்டு நாள்." மறைத்து என்ன ஆகப்போகிறது?

"சாறெல்லாம் விடக்கூடாது. இது ஸ்டீராய்டு. புண்ணோட இருக்கிற கண்ணுல விட்டிருந்தா பார்வையே போயிருக்கும். எப்படிப் பார்த்துக்கணும்னு எழுதித் தரேன்."

"எழுதாதீங்க, சொல்லுங்க. காதுல வாங்கினா மறக்க மாட்டேன்."

வேறொரு சொட்டு மருந்தைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார். கையைக் கழுவிக்கொண்டு, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் பஞ்சை நனைத்து, மூக்குப் பக்கத்திலிருந்து வெளியே ஒரே இழுப்பாகத் துடைக்கணும். ஒரு பஞ்சு ஒரு தடவைதான். மருந்துப் புட்டியின் முனை கண்ணில் படக்கூடாது. தேய்க்காமல் இருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டணும். கண் திறந்துவிட்டது என்று பாதியில் மருந்தை நிறுத்தக்கூடாது.

நாளுக்கு நாலு வேளை. பால்காரர் ஹாரன், பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு மணி, சாயங்கால பஸ், விளக்கேற்றும் நேரம். ஒன்றையும் தவறவிடவில்லை. கூம்போடு நாய் நிலைப்படியில் முட்டிக்கொண்டு நிற்கும்.

"கோயிலுக்குக் கட்டவேண்டிய ஸ்பீக்கரை இதுக்குக் கட்டிட்டீங்களா அண்ணி?" என்றாள் நாத்தனார்.

"சிரிச்சது போதும். தலையைப் பிடி."

பிடித்தாள். அன்றிலிருந்து சாயங்கால பஸ் வந்ததும் அவளே வந்து பிடித்தாள்.

பத்தாம் நாள் டாக்டரம்மா மறுபடி சாயம் விட்டுப் பார்த்தார். பச்சை ஒட்டவில்லை. வீட்டுக்கு வந்ததும் என் பழைய புட்டியைக் குப்பையில் போட்டேன்.

இந்தக் குறுவை அறுப்புக்கு மிஷின் சத்தம் கேட்டதுமே நாயைக் கொல்லையில் கட்டிவிட்டேன். இரண்டு கண்ணாலும் என்னை முறைத்துக்கொண்டு குரைத்தது. குரைக்கட்டும்.