பாதி வண்டுக்கு எவ்வளவு கொம்பு?

விகிதக் கணக்கினால் நான் குற்றவாளியானது ஒன்பதாம் வயதில்.

பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்பில் நாங்கள் வாழ்ந்த காலம் அது. கிள்ளானில் தென்னந்தோட்டமொன்றில் பணிபுரிந்த மாமா, குருத்தைத் துளைத்த கொம்பு வண்டுகள் இரண்டைப் பிடித்துவந்து அண்ணனிடம் கொடுத்தார். இரண்டும் ஆண் என்றும் சொல்லிச் சென்றார். ஒன்று பெரிது, மற்றது நீளத்தில் ஏறக்குறைய அதன் பாதி. உரிமை அண்ணனுடையது. கரும்புத் துண்டு வைப்பதும் வண்டுகளை ஈரத்துணியால் துடைப்பதும் என் பொறுப்பு.

ஆங்கிலப் பள்ளியில் விகிதம் பயின்று திரும்பிய மாலையில், அண்ணன் அப்பாவின் அளவுகோலால் இரண்டையும் அளந்தான். உடல் பாதியெனில் கொம்பும் பாதியாதல் வேண்டும். சிறியதன் தலையிலோ பயறளவு முனையொன்றே இருந்தது.

“மிச்சக் கொம்பு எங்கடி?”

“வந்தப்பவே அப்படித்தான் இருந்துச்சு.”

“அப்ப என் கணக்கு தப்பா? தொடைக்கிறேன்னு ஒடிச்சிட்டு, மூஞ்சியப் பாரு.”

வழக்கு அப்பாவிடம் சென்றது. இரயில்வேயில் வரைபடம் வரைபவரான அவர், அளவுக்கு மேல் எதனையும் நம்பாதவர். அண்ணனின் தாளை நெடுநேரம் பார்த்தார்.

“கணக்கு சரியாத்தானம்மா இருக்கு. உண்மையச் சொல்லிட்டா நாளைக்கு எங்களோட பத்துமலைக்கு வரலாம். இல்லேன்னா பக்கத்து வீட்டுல இரு.”

மறுநாள் பத்துமலைக் கோயிலில் தைப்பூசம். அதற்காகப் பொய் சொல்லத் துணிந்தேன் என்று எண்ணிவிட வேண்டா. நிகழ்ந்தது அதனினும் விந்தையானது. வண்டுகளின் அருகில் அமர்ந்து எண்ணிப் பார்த்தேன். அண்ணனின் கணக்கில் பிழை காண எனக்குக் கல்வி போதாது. அப்பா தவறார். எஞ்சியவள் நான் ஒருத்தியே. துணி கொம்பில் சிக்கியிருக்குமோ என்று முதலில் ஐயுற்றேன். சற்றுப் பொறுத்து, அது சிக்கியதே நினைவுக்கு வந்தது. பின்னர் அது முறிந்த மெல்லிய ஓசையும் வந்தது.

“நான்தாம்ப்பா ஒடிச்சேன்.”

அப்பா என் தலையை வருடினார். அண்ணனும் பெருந்தன்மையோடு மன்னித்தான். பத்துமலை இரயிலில் சன்னலோர இடம் எனக்கே கிடைத்தது. எதிரில் அமர்ந்தோரிடமெல்லாம் அம்மா என் வாய்மையைப் புகழ்ந்துகொண்டு வந்தார்.

அவ்வண்டுகளின் கொம்பு உடலோடு ஒரே விகிதத்தில் வளர்வதில்லை. பெரிய உடலில் அது தன் பங்கினும் மிக்கு நீளும். சிறிய உடலில் பங்குக்கும் குன்றி நின்றுவிடும். இதனை நான் நூல்வழி அறியப் பல்லாண்டுகள் சென்றன. அன்றோ, உண்மையைச் சொல்லிவிட்டால் மனம் இத்துணை இலேசாகிவிடுகிறதே என்று வியந்தவாறு சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.