புறங்கைச் சூடு

பிள்ளைகளா, பெரியவள் கனடாவிலிருந்து போட்ட கடிதத்தை நீங்கள் எல்லாரும் படித்தாயிற்று. வடதுருவத்துக் காற்று இறங்கி ஒரு வாரமாகப் பனி கொட்டுகிறதாம். பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்களாம். வெளியே கொஞ்ச நேரம் நின்றாலே காதும் மூக்கும் மரத்து ஆபத்தாகிவிடும் என்று ரேடியோவில் சொல்கிறார்களாம். "கதவை உள்ளேயிருந்து புறங்கையால் தொட்டுப் பார்த்தேன், எங்களுக்குக் காய்ச்சல் வந்தால் நீங்கள் தொடுவீர்களே, அப்படி. கை சுருக்கென்றது" என்று எழுதியிருக்கிறாள். கடைசியில் ஒரு வரி: "நம் ஊர் மெர்கோங் வெயிலில் இருக்கிற உங்களுக்குக் குளிரைப் பற்றி என்ன தெரியும் அப்பா?" சின்னவன் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, "அப்பாவுக்குக் கடையில சீவித் தர்ற ஐஸ் கச்சாங்தான்லா தெரியும்" என்றான். எல்லாரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் எனக்குக் குளிர் தெரியும். பெரியவளுக்கும் தெரியும், அவளுக்கு நினைவில்லை, அவ்வளவுதான். புறங்கையால் சூடு பார்க்கிற பழக்கமும் என்னுடையதல்ல. அது புகைவீட்டு அண்ணனுடையது.

பாலிங் பக்கம் மலையடிவாரத்தில் இருந்த தோட்டத்தில் நான் அவருக்குக் கீழே வேலை பார்த்தேன். புகைவீடு என்பது ரப்பர் ஷீட்டுகளைக் கழிகளில் தொங்கவிட்டுப் புகை காட்டிக் காய வைக்கிற இடம். செங்கல் சுவர், மேலே திறந்து மூடுகிற பலகைகள், தரைக்கடியில் நெருப்புக்குழி. சூடு ஏறினால் ஷீட்டு கொப்புளம் விடும். இறங்கினால் பூஞ்சை பிடிக்கும். சூடு பார்க்க வெள்ளைக்காரத் துரை ஒரு கண்ணாடிக் கருவியைச் சுவரில் மாட்டியிருந்தார். அண்ணன் அதன்மேல் தன் தொப்பியைத் தொங்கவிடுவார். அவருக்குக் கதவுப் பலகையில் புறங்கையை வைத்தால் போதும். "உள்ளங்கை காய்த்துப் போனது, பொய் சொல்லும்" என்பார். கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர். கோபக்காரர். புகைவீட்டுக்குள் யாராவது தும்மினால்கூடத் திட்டுவார். விறகை இரண்டு அடுக்காகப் பிரித்து வைத்திருப்பார். வலது பக்கம் அப்போதுதான் வெட்டிய பச்சை ரப்பர் விறகு, இடது பக்கம் காய்ந்தது. பச்சை விறகு போட்டால்தான் ஷீட்டுக்கு வேண்டிய கனத்த புகை வரும். அதனால் குழிக்கு முன்னால் குந்தினால் என் கை தானாக வலது பக்கம்தான் போகும். நாலு வருஷப் பழக்கம்.

ஜப்பான்காரன் வந்தான், துரை ஓடினார், ரப்பர் நின்றது. புகைவீட்டைப் பூட்டிவிட்டு, உத்தரவில்லாமல் யாரும் நெருப்பு மூட்டக் கூடாது, புதிதாக வெட்டும் விறகையும் பழையபடி அங்கேயே அடுக்க வேண்டும், எல்லாம் பட்டாளத்துக்கு என்று சொல்லிவிட்டார்கள். துணி கிடைக்காமல் போனது அதைவிடக் கொடுமை. கோணிச் சாக்கில் கழுத்துக்கும் கைக்கும் ஓட்டை வெட்டிப் போட்டுக்கொண்டோம். முதுகில் அச்சடித்திருந்ததை வைத்து அண்ணன் எங்களைக் கூப்பிடுவார். ஒருவன் சீனி, ஒருவன் உப்பு. நான் புண்ணாக்கு. "டேய் புண்ணாக்கு, கிழங்கு வெட்டப் போவலியா?" என்பார். அந்தப் பஞ்சத்திலும் லயத்து வீடுகளில் சிரிப்புச் சத்தம் கேட்டதென்றால் அவரால்தான்.

அடுத்த வருஷம் கார்த்திகையில் ஒன்பது நாள் மழை விடவில்லை. மலையிலிருந்து காற்று இறங்கி, நனைந்த அத்தாப்பு ஓலைக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. பனி பெய்யும் ஊர்க்காரருக்கு அது ஒரு குளிரா என்று தோன்றும். அரைவயிற்றுக்குக் கிழங்கு தின்று, ஈரச்சாக்கைப் போர்த்திக் கிடப்பவனுக்கு அது போதும், உயிரெடுக்க. அந்த மழையில்தான் பெரியவள் பிறந்தாள், எட்டாம் மாசத்திலேயே. என் இரண்டு கைக்குள் அடங்கிவிட்டாள். அம்மா மார்போடு அணைத்தால் குழந்தைக்குச் சூடு வந்துவிடும். ஆனால் உங்கள் அம்மாவுக்குக் குளிர்காய்ச்சல். கட்டில் சட்டம் கடகடவென்று ஆடும்படி நடுங்கிக்கொண்டிருந்தாள். அதற்குக் கொடுக்கிற கொய்னா மாத்திரை தோட்டத்து ஆஸ்பத்திரியில் தீர்ந்து மாதக்கணக்காகியிருந்தது. பிரசவம் பார்த்த கிழவி குழந்தையின் பாதத்தைத் தொட்டுவிட்டு, "சூடு இல்லாட்டி பொழுது தாண்டாதுப்பா" என்று மட்டும் சொன்னார்.

அண்ணன் வந்து வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். குழந்தையின் கன்னத்தில் புறங்கையை வைத்தார். நேராகப் போய்ப் புகைவீட்டுப் பூட்டை உடைத்தார். வெளியே காய்ந்த விறகை எரித்து, புகையெல்லாம் போனபிறகு தணலை மட்டும் அள்ளிக் குழியில் கொட்டிச் சாம்பல் மூடினார். மேல்பலகையைத் திறந்துவிட்டார். ஷீட்டு தொங்கவிடும் கழிகளை அடுக்கி, சாக்கு விரித்து, தாயையும் பிள்ளையையும் படுக்க வைத்தோம். இரண்டு நாள் அவர் கதவை விட்டு நகரவில்லை. புறங்கையை வைப்பார், ஒரு கரண்டித் தணல் போடுவார், அல்லது எடுப்பார். "இதுவும் ஒரு ஷீட்டுதாண்டா. அவசரப்படக் கூடாது" என்றார். இரண்டாம் நாள் சாயங்காலம் குழந்தை வாய் திறந்து அழுதாள். அழுததற்கு அவர் திட்டவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் கஞ்சி குடித்து வர அவரை நான்தான் அனுப்பினேன். "தணல் போதும். எதையும் தொடாத" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன கொஞ்ச நேரத்தில் காற்று திரும்பியது. குழந்தையின் பாதத்தைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. பயம் வந்தால் மூளை ஓடிவிடுகிறது, கை மட்டும் மிச்சமிருக்கிறது. குந்தினேன், வலது பக்கம் கையை விட்டேன், இரண்டு கட்டையைத் தணலில் செருகினேன். பச்சைக் கட்டை. அது புகையத் தொடங்கியபோதுதான் என்ன செய்தேன் என்று தெரிந்தது. நிமிஷத்தில் உள்ளே கண் தெரியவில்லை. அண்ணன் ஓடி வந்து கதவை உதைத்துத் திறந்து தாயையும் பிள்ளையையும் இழுத்து வெளியே போட்டார். நீலம் பூத்திருந்த குழந்தையைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினார். அவள் இருமினாள். அந்த இருமல் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆனால் புகை கூரைக்கு மேலே எழும்பிவிட்டது. செம்மண் சடக்குப் பாதையில் போய்க்கொண்டிருந்த, தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணியும் ஜப்பான்காரன் ஒருவனும் திரும்பி வந்தார்கள். கிராணி என்னையும் அண்ணனையும் பார்த்து, "யாரு நெருப்புப் போட்டது?" என்றார்.

"நான்தான். என் வீடு, என் நெருப்பு" என்றார் அண்ணன்.

ஜப்பான்காரன் அறைந்ததில் அவர் சேற்றில் விழுந்தார். நான் குழந்தையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான்தான் போட்டேன் என்று சொல்ல இரண்டு வார்த்தை போதும். சொல்லவில்லை. மாசி மாதம் சயாமில் ரயில் பாதை போட ஆள் கேட்டு லாரி வந்தபோது கிராணியின் பட்டியலில் முதல் பெயர் அவருடையது. லாரியடிக்குப் போய், "அண்ணே, என்னால..." என்று ஆரம்பித்தேன். "வாய மூடு, புண்ணாக்கு. புள்ளைய இங்க கொண்டா" என்றார். அவள் கன்னத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார். "இந்தச் சூடு போதும். ஏத்தாத" என்றார். லாரி போய்விட்டது. சயாமிலிருந்து திரும்பி வந்தவர்களையெல்லாம் விசாரித்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. உங்கள் அம்மா இருந்தவரை இதை உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றாள், பெரியவள் மனசில் பாரம் ஏறும் என்று. பாரம் அவளுடையதல்ல, என்னுடையது. அதை எழுதி வைக்கத்தான் இவ்வளவும்.

கடிதம் வந்த மறுநாள் பசாருக்கு மீன் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு பாலிங் பஸ் ஏறினேன். நீங்கள் யாரும் கேட்கவில்லை. தோட்டத்தில் இப்போது ரப்பர் மரமில்லை, எல்லாம் செம்பனை. லயம் இருந்த இடமே தெரியவில்லை. புகைவீட்டில் கூரை இல்லை, கதவு இல்லை, செங்கல் சுவர் ஒன்று மட்டும் கரி படிந்து நிற்கிறது. சுற்றிலும் ஆள் இல்லை. கதவு இருந்த பக்கம் போய் நின்று, சுவரில் புறங்கையை வைத்தேன். வெயில் பட்ட செங்கல் கதகதப்பாக இருந்தது. அவர் வைத்திருந்த அளவுதான். கையை எடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.