பூச்சியத்துக்கு விழுந்த ஊசி

ஞாயிறு பூசைக்குப் போகாததற்காகப் புனித அந்தோனியார்தான் எஞ்சின் ஒயிலை உறிஞ்சிவிட்டார் என்று உண்மையாகவே நம்பினேன்.

நான் வேலை செய்த வீட்டு எசமானியான சிஞ்ஞோரா, நின்றே பழுதாகிவிடும் என்று தன் பழைய ஸ்போர்ட்ஸ் காரை ஞாயிறுகளில் ஓட்டச் சொல்வார். அன்று மனைவியோடு அதில் பக்கத்து ஊரான பகேரியாவுக்குப் பறக்கையில், ஒயில் அழுத்தம் காட்டும் ஊசி திடீரெனப் பூச்சியத்துக்கு விழுந்தது. எஞ்சின் போனால் என் வேலையும் போய்விடும். உடனே நிறுத்தி, வீதியோரம் முழந்தாளிட்டு, புனித ரோசலியாவின் மலைக்கோயிலுக்கு வெறுங்காலோடு ஏறுவதாக நேர்த்தி வைத்தேன்.

"இஞ்சாருங்கோ, கும்பிட்டது காணும். பொனட்டைத் திறவுங்கோ," என்றாள் மனைவி.

அளவுக் கம்பியை இழுத்துப் பார்த்தேன். ஒயில் நிறைய இருந்தது. கீழே ஒரு சொட்டும் ஒழுகவில்லை.

"எஞ்சின் தட்டிச் சத்தம் போட்டதோ?" என்று கேட்டாள்.

"இல்லை."

"அப்ப வருத்தம் எஞ்சினுக்கில்லை, ஊசிக்குத்தான்!"

எஞ்சினிலிருந்து ஊசிக்குப் போகும் வயர் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது.