வீதியோரப் பட்டமளிப்பு

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கெம்பஸ் போனவள் சாச்சி, உம்மாவின் தங்கை. அவள் பட்டம் வாங்கிய அன்று தெருவே எங்கள் வீட்டுக்கு வந்துபோனது. கறுப்பு அங்கியோடு அவள் நிற்கும் படத்தை ஹோலில் மாட்டினார்கள். அந்த அங்கியை உடுப்பதற்காகத்தான் ஆட்கள் நாலு வருடம் படிக்கிறார்கள் என்று நான் நம்பியிருந்தேன். எனக்கு அப்போது ஏழு வயது.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு மத்தியானம், சாச்சிக்குச் சோறு கொடுக்க வாப்பா என்னையும் மோட்டார் சைக்கிளில் கல்முனைக்குக் கூட்டிப்போனார். அங்கே அவள் என்ன செய்கிறாள் என்று யாரும் சொல்லவில்லை. பிரதான வீதியோரம் தறப்பாள் கட்டியிருந்தது. அதன் கீழே பாய்களில் முப்பது பேரளவில் இருந்தார்கள். எல்லோருக்கும் கறுப்பு அங்கி. நடுவில் சாச்சி, வேர்த்து ஒழுகிக்கொண்டு.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கைதட்டிக்கொண்டே ஓடினேன்.

"சாச்சி, இன்னொரு பட்டம் தாறாங்களா?"

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். சாச்சிதான் அதிகம் சிரித்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அங்கியைக் கழற்றி என் தோளில் போட்டாள். 'வேலை எங்கே?' என்று எழுதிய அட்டையொன்றை யாரோ என் கையில் தந்தார்கள். படம் பிடிக்க வந்தவர் என்னையே எடுத்தார். நான் நன்றாகச் சிரித்துக் கொடுத்தேன்.

வாப்பா வந்து அங்கியை உருவிச் சாச்சியிடம் நீட்டினார். "போதும், வீட்ட வா. மாப்பிள வீட்டாக்கள் பாத்தா என்ன செல்ற?"

"கெம்பஸ் புள்ள எண்டுதானே மச்சான் கேட்டு வந்தாங்க? கெம்பஸ் புள்ளைகள் இப்ப இஞ்சதான் இரிக்கம். வந்து பாக்கட்டும்."

வாப்பா சோற்றுப் பொதியை அவள் மடியில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

அந்தக் கலியாணம் நடந்தது. வேலைக்குத்தான் மேலும் இரண்டு வருடம் சென்றது, அதுவும் அவள் படித்ததற்குத் தொடர்பே இல்லாத ஒரு கந்தோரில்.

அன்று திரும்பி வரும்போது வாப்பா, "நீயும் நல்லாப் படிச்சிக் கெம்பஸ் போகணும் மகள்" என்றார்.

"ஓம் வாப்பா. போய்?"

"இறுக்கிப் புடிச்சிக்க" என்றார். வண்டி மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நான் ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று பயந்து, வீடு வரும்வரை அவர் முதுகில் முகத்தை வைத்து இறுக்கிப் பிடித்திருந்தேன்.