ருசி பார்க்காத வாழைப்பழப் பாண்

பாலாவிக்குக் குடிவந்து எங்களுக்கு அது முதல் ரமழான் நோன்பு. கறுத்துப்போன வாழைப்பழங்களை வீச மனமில்லாமல், அமெரிக்காவில் அமிஷ் மக்கள் செய்யும், கேக் போல இனிக்கும் வாழைப்பழப் பாணைப் போனில் பார்த்துச் சுட்டேன். நோன்போடு ருசி பார்க்க மனம் ஒப்பவில்லை. வாசத்தை நம்பி, அதுவரை கதைத்தேயிராத பக்கத்து வீட்டுச் செல்வி அக்காவுக்கு முதல் தட்டை அனுப்பினேன்.

பாங்கு சொன்னதும் ஒரு துண்டைக் கடித்தேன். ஒரே உப்பு! சீனியென்று நினைத்து உப்பைக் கொட்டியிருக்கிறேன். கஞ்சியை அப்படியே வைத்துவிட்டு, அக்காவுக்குப் போன தட்டை நினைத்து வாசலுக்கும் குசினி அடுப்புக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

சற்று நேரத்தில் அக்காவே வந்தார். கழுவிய தட்டில் கனிந்த வாழைப்பழங்கள்.

"நாளைக்கும் போடுங்க தங்கச்சி. மாவைக் குழைச்சதும் என்னைக் கூப்பிடுங்க, நான் வந்து ருசி பாக்கிறன். எனக்கு நோன்பில்லையே."

அந்த நோன்பு முழுக்க எங்கள் வீட்டுக் கஞ்சிக்கு உப்புப் பார்த்தது செல்வி அக்காதான்.